சின்னவளுக்குப் போட்ட மாலை

என் மூத்த மகள் வள்ளி காய்ச்சலில் இறந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் கழனிக்கும் வேலையில்லாமலே நடப்பேன். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். திருப்பாச்சூர் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். எதுவும் பலன் தரவில்லை. அவள் முகம் மறந்துவிடுமோ என்பதுதான் என் பயம். நாங்கள் அவளை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

திருவள்ளூர் ஸ்டுடியோக்காரர் ஒரு வழி சொன்னார். "பெரியவ பாவாடையச் சின்னதுக்குக் கட்டிக் கூட்டியாங்க. மூஞ்சிய நான் மாத்திக்கிறேன்."

அப்படியே என் இளைய மகள், ஆறு வயது செல்வியை உட்கார வைத்தோம். நான் சொன்னபடி வலது கன்னத்தில் மச்சமும் வரைந்து கொடுத்தார். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அதன் எதிரிலேயே கிடந்தேன்.

நான்காம் நாள் செல்வி சோற்றைத் தொடவில்லை.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று அதட்டினேன்.

"யம்மா, நான் செத்துட்டேனா? எனக்கு எதுக்கு மால போட்டு அழுதுகினு கீற?"

அப்போதே மாலையைக் கழற்றினேன், படத்தையும் இறக்கினேன்.

மனம் இன்னும் அடங்கவில்லை, நடக்கத்தான் செய்கிறேன். ஆனால் இப்போது செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அவள் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாள். நேற்று வரப்பில் நின்று என் இடது கன்னத்தைத் தொட்டாள்.

"அக்காவுக்கு மச்சம் இந்தப் பக்கம்மா."

அவள் சொன்னதுதான் சரி.