நிலாக் கதையின் முதல் பாதி

ஒரு புத்தகத்தின் பின்பாதியைப் படிக்க வேண்டும் என்பதற்காக நான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாப்பிள்ளை நல்லவர், ராஜபாளையத்து மில்லில் எலெக்ட்ரிக் வேலை, முகத்தில் களை உண்டு. அதெல்லாம் சரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதையெல்லாம் நான் கவனித்தது அப்புறம்தான்.

அப்போது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சர். நாலாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அப்பப்பா! மின்னல் முதலில் வருகிறது, இடி மட்டும் ஏன் பிந்தி வருகிறது? மீனுக்கு ஜலதோஷம் பிடிக்குமா? நிலா ஏன் கீழே விழவில்லை? ஒருத்தி கேட்டு முடிக்குமுன் அடுத்தவள் எழுந்து நிற்பாள். எனக்குப் பதில் தெரிந்தால்தானே! "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்று சமாளித்துவிட்டு, சாயங்காலம் புத்தகம் தேடக் கிளம்பிவிடுவேன்.

அந்தக் காலத்தில் சயன்ஸ் புத்தகம் தேடுவது லேசான காரியமா? ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ரத வீதியில் சாக்கு விரித்துப் புத்தகம் விற்பார்கள். கோலப் புத்தகம், கும்மிப் பாட்டு, கொலைச் சிந்து எல்லாம் குவிந்து கிடக்கும். "சயன்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் தாடையைச் சொறிந்து யோசித்து, ஜாலவித்தைப் புத்தகம் ஒன்றை உருவிக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தைத் தானாக நடக்க வைப்பது எப்படி என்று அதில் போட்டிருந்தது. வாங்கிவந்து, புத்தகத்தில் சொன்னபடியே வகுப்பில் செய்து காட்டினேன். பழம் அசையவே இல்லை. அன்றைக்குப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் பிரம்போடு வந்துவிட்டார்.

பள்ளிக்கூட அலமாரியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று உடல்நலம் பற்றியது. எதில் தொடங்கினாலும் "ஆகவே தினமும் குளிக்க வேண்டும்" என்றுதான் முடியும். இன்னொன்று வானசாஸ்திரம். அதை எழுதியவர் வானத்தை ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். நாலு வரி வாசிப்பதற்குள் முன்வரிசையே தூங்கிவிழும்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர்மார் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. கணக்கு வாத்தியார் ஒருவர், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், இளம் விதவை ஒருத்தி, மூன்று பேருமாகச் செம்பில் ஓர் இயந்திரம் செய்து நிலாவுக்குப் புறப்படுகிறார்கள். ஆண்கள் இருவரும் போகிற வழியெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டே போவார்கள். இயந்திரத்தை ஓட்டுவது அந்தப் பெண்தான். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இதை வகுப்பில் வாசித்தேன். அவ்வளவுதான், பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மைதானத்து மணல் முழுக்க இயந்திரப் படம்.

"டீச்சர், நிலாவுக்கு இங்கிருந்து எம்புட்டு தூரம்?"

"டீச்சர், அங்க மூச்சு விட முடியாதாமே, பொறவு அவிய எப்படிப் பேசிக்கிடுவாக?"

பதிலுக்காக அந்தத் தூங்குமூஞ்சி வானசாஸ்திரப் புத்தகத்தை எடுத்தேன். அடிதடி! இதே பிள்ளைகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, தலையோடு தலை முட்ட வாசித்தார்கள். முதலில் கதையைக் கொடுத்துவிட்டால் சாஸ்திரத்தை அவர்களே பிடுங்கிக்கொள்வார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சந்தோஷத்தில் வீட்டுக்குப் பாதி வழி ஓடியே போனேன். டீச்சர் ஓடலாமா என்று அம்மா திட்டினாள்.

எல்லாரும் படித்து முடித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்துக்கொள்வேன். அந்த நாளில் பாதி வீடுகளில் அப்படித்தான். கட்டு பெரிதானதும் பைண்டரிடம் கொடுத்தேன். அவர் காலமெல்லாம் வேதபுத்தகமும் பாட்டுப் புத்தகமும் பைண்டு செய்து பழகியவர். கறுப்புக் காலிகோ துணி, ஓரத்தில் சிவப்புச் சாயம். வேறு மாதிரி அவருக்குக் கை வராது. என் நிலாக் கதையும் பார்ப்பதற்குப் பரிசுத்தமாகத்தான் திரும்பி வந்தது.

அந்தக் கட்டோடு சரி, காகிதத் தட்டுப்பாட்டில் விலை ஏறிப்போய், பள்ளிக்கூடத்தில் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். எந்த இடத்தில் நின்றது தெரியுமா? இயந்திரம் நிலாவுக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றுபோகிறது. ஆண்கள் இரண்டு பேரும் பயந்து நடுங்குகிறார்கள். அந்தப் பெண் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அத்தோடு சரி! எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரிடமும் கேட்டேன். மகாராஜபுரத்துக்கு வாக்கப்பட்டுப் போன சினேகிதிக்குக்கூடச் சொல்லி அனுப்பினேன். எவர் வீட்டிலும் இல்லை. கடைசி அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் படித்ததில் தையல் தளர்ந்து, புத்தகத்தை எப்படித் திறந்தாலும் அந்த இடத்தில்தான் விரிந்து விழும்.

என் அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் உபதேசியார். சபைக் குருவான ஐயர் கிராமங்களுக்குப் போயிருக்கும் ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது அவர்தான். கதை என்றாலே அவருக்கு ஆகாது.

"நடக்காததை நடந்ததா எழுதுனா அதுக்குப் பேரு பொய்" என்பார். "பொய்க்கு அட்டை வேற போட்டு வச்சிருக்கா பாரு!"

இப்படி இருக்கும்போதுதான் ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தாயும் மகனும் மட்டும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் வந்ததால் மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் கரி ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் வழக்கப்படி என்னைப் பார்க்க அடுக்களைக்குள் வந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. அரிசிப் பானை மூடிமேல் கிடந்த கறுப்புப் புத்தகத்தைச் சும்மா பிரித்தார்கள். அது வழக்கமான இடத்தில் விரிந்தது.

"ஏட்டி! இது உனக்கு எங்கிட்டுக் கிடைச்சுச்சு?"

"நானே கிழிச்சுச் சேர்த்தது."

"அடியாத்தீ! இதுக்குப் பொறவு உள்ளது அம்புட்டும் எங்கிட்ட இருக்கு. எம்மவன் மில்லு வாசகசாலையில கேட்டு வாங்கிட்டு வந்து தருவான். எவரு எதுல ஏறுனாக, எதுக்கு ஏறுனாகன்னே தெரியாம நான் நடுவானத்துல தொங்கிக்கிட்டுக் கிடக்கேன்!"

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தாழ்ப்பாளைத் திறந்தாளா?"

அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஊஹூம்.

"கடன் குடுத்த புஸ்தகம் எந்த ஊர்ல திரும்பி வந்துருக்கு? மருமகளா வா, வந்து படி. வரும்போது இதையும் சீரோட கொண்டாந்துரு. பித்தளைக் குடம் கொறஞ்சாலும் நான் கேக்க மாட்டேன்."

காபி கொடுக்கப் போனபோது மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மிஷினுக்குக் கரண்டு எங்க இருந்து வருதுன்னு முதல் பாதியில போட்டிருக்கா?" போட்டிருக்கவில்லை. அதை அதுவரை நான் யோசித்ததும் இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தட்டு கைநழுவப் பார்த்தது.

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்தை லெந்து என்ற தபசு நாட்களுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றார்கள் மாமியார். லெந்து பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை சபையில் கல்யாணம் கிடையாது. அப்பாவுக்கு அவசரம் பிடிக்கவில்லை. "மே மாசம் ஆகட்டுமே, என்ன கொள்ளை போகுது?" என்று இழுத்தார். நானும் அம்மாவும் நச்சரித்துத்தான் தலையாட்ட வைத்தோம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. மூன்றில் ஒன்று தவறினாலும் கல்யாணம் நடக்காது. இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது, லெந்துக்கு முந்தின ஞாயிறு; செவ்வாய்க்கிழமை கல்யாணம்.

அன்றைக்கு ஐயர் ஊரில் இல்லை. அப்பாதான் ஆராதனை. ஓலையைக் காதால் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போக மாமியார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். சம்மந்தி வருகிறார்கள் என்று அம்மா காலையிலேயே வீட்டைத் துடைத்து, கறுப்பு அட்டைப் புத்தகங்களை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கிவிட்டாள். அப்பா அவசரத்தில் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு போனார்.

பாட்டுகள் அப்பாவுக்கு மனப்பாடம். அதனால் வெகுநேரம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஓலைக்கு முந்தின பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். புத்தகத்தைப் பிரித்தார். நாங்கள் பாடினோம். பாட்டு முடிந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. தியானத்தில் இருக்கிறார் போலும் என்று சபையார் கடைசிச் சரணத்தை மறுபடி பாடினார்கள். அப்பா ஒரு பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் பாடினார்கள். ஆர்மோனியம் வாசிக்கிறவர் எட்டி எட்டிப் பார்த்தார். நாலாவது தடவை பாடும்போது குழந்தைகளுக்கே அந்தச் சரணம் மனப்பாடமாகிவிட்டது.

யாரோ பலமாக இருமினார்கள். அப்பா திடுக்கிட்டு எழுந்தார். கண் எங்கேயோ இருந்தது. மளமளவென்று கடைசி ஜெபத்தைச் சொல்லி, ஆமென் என்று முடித்துவிட்டார்! ஓலையும் இல்லை, பிரசங்கமும் இல்லை. பிரசங்கம் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. எல்லாரும் உற்சாகமாகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்பாவும் புத்தகத்தோடு வாசல் பக்கம் வந்தார். மாமியார் எழுந்துபோய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓலை என்னாச்சு, உபதேசியாரே?"

சம்மந்தி என்று கூப்பிடவில்லை, கவனியுங்கள்.

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிருக்கலாம். மே மாசம், மே மாசம்னு இழுத்தப்பவே நான் நெனைச்சேன். ஊரைக் கூட்டி வச்சு அவமானப்படுத்தணுமா? எம்மவனுக்கு வேற எடம் கிடைக்காதா?"

நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். புத்தகத்தை மூடி, பக்கம் தவறாமல் இருக்க உள்ளே விரலை வைத்திருந்தார். அட்டைக்கு வெளியே பத்திரிகைக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. ஐயோ, என் நிலா! எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் சொன்னால் அப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் கல்யாணம் போகும். அந்த நேரத்தில்தான் தெரிந்தது, பின்பாதி போனால்கூட எப்படியாவது தாங்கிக்கொள்வேன். மூக்கில் கரியோடு வந்து கரண்டைப் பற்றிக் கேட்ட அந்த மனிதர் போய்விட்டால் தாங்க மாட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளி, "சும்மா இரு" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சபையாரைப் பார்த்தார். யாரிடமும் தலை குனியாத மனிதர், அன்றைக்குக் குனிந்தார். புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

"ஓலையை நான் வேணும்னு விடலை. மறந்துட்டேன். எம்மவளோட கதைப் புஸ்தகம் கை மாறி வந்துருச்சு. நீங்க பாடுறப்போ இதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் க்ளுக்கென்று சிரித்தார். அடுத்த நிமிஷம் கோயில் முழுக்கச் சிரிப்பு. அப்பாவின் காது சிவந்துவிட்டது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்கள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எதுவரைக்கும் வந்தீக?"

"நிலாவுக்கு மேல மிஷின் நின்னுபோச்சு" என்றார் அப்பா. "அந்தப் புள்ள தாழ்ப்பாள்ல கை வச்சிருக்கா. அதுக்கு மேல பக்கமே இல்லையேம்மா!"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலை விட்டு விலகினார்கள்.

"அப்ப சட்டுனு போயி ஓலையை வாசிங்க, சம்மந்தி. மிச்சம் எங்க வீட்டுல இருக்கு."

அப்பா பீடத்துக்கு ஓடினார்.