கிணற்றுக்கு மேற்கே ஒரு முருங்கை

என் மேசை இழுப்பறையில் ஒரு பட அட்டை இருக்கிறது. பிராக் நகரத்துக் கல் பாலம். அதன் இருபுறமும் கரிய சிலைகள். கீழே ஆற்றில் ஒரு வெள்ளைப் படகு. மேல் மூலையில் ஸ்டேப்ளர் முள் ஏறி இறங்கிய இரண்டு துளைகள். திருப்பினால் என் கையெழுத்து, இருபத்திரண்டு வயதின் மிடுக்கோடு சாய்ந்து ஓடுகிறது. நடுவில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் பச்சை மையில் கோடு. அந்தக் கோட்டை நான் போடவில்லை. யாருக்கு அனுப்பினேனோ அந்தச் சித்தப்பாவும் போடவில்லை. துபாயில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் போட்டது. ஒரு கோடை முழுக்க ஐரோப்பாவைச் சுற்றியவன் என்று பெருமையடித்துக்கொள்ள என்னிடம் ஒரு காலத்தில் ஏராளமான கதைகள் இருந்தன. இன்று கையில் மிஞ்சியிருப்பது இந்த அட்டை ஒன்றுதான்.

சித்தப்பா சாரம் கட்டுகிறவர். துபாயில் எழும்பிய கட்டடங்களுக்கு வெளியே இரும்புக் குழாய்களைப் பூட்டிப் பூட்டி மேலே ஏறுவார். கட்டடம் முடிந்ததும் தான் கட்டியதைத் தானே பிரித்துக்கொண்டு இறங்குவார். சோனாப்பூரில் கேம்ப், ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், விடிவதற்குள் கம்பெனி பஸ். அவருக்கும் சித்திக்கும் பிள்ளை இல்லை. நான் ஆறாம் வகுப்பிலிருந்து அவர்கள் வீட்டில் வளர்ந்தவன். வளர்ந்தேன் என்றால் சித்தியிடம் வளர்ந்தேன். சித்தப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, நான் எவ்வளவு உயர்ந்திருக்கிறேன் என்று கதவு நிலையில் கோடு போட்டுவிட்டுப் போவார்.

எனக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது அவருடைய அடுத்த லீவுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. வழியனுப்ப வந்தே தீருவேன் என்று நின்றார். வளைகுடாவில் அதற்கு ஒரு வழி உண்டு, எல்லோருக்கும் தெரிந்த வழி. ஊரிலிருந்து ஒரு ஃபேக்ஸ் போகும்: தாயார் உயிருக்குப் போராடுகிறார், உடனே புறப்படவும். கூடவே தெரிந்த டாக்டரின் கடிதம் ஒன்று. கம்பெனிக்கும் அது பொய் என்று தெரியும். ஆனாலும் ஓர் ஆளுக்கு ஒருமுறை கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். "நீதானே இங்கிலீஷ் படிச்சவன், நீயே எழுதுடா" என்றார் அப்பா. நான் எழுதினேன். சித்தப்பாவின் தாயார் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவரை நல்ல ஆங்கிலத்தில் மறுபடியும் படுக்கையில் கிடத்தினேன். சித்தி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். "அத்தை கேட்டா எந்திரிச்சு வந்து அடிப்பாக" என்றார். சித்தப்பா நாலாம் நாள் வந்து இறங்கினார். அவருடைய ஒரே ஒரு பொய்யை அப்படி எனக்காகச் செலவழித்தார்.

விமான நிலையத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். "போற ஊர்லேருந்தெல்லாம் ஒரு படம் அனுப்புடா. கட்டடம் இருக்கிற படமாப் பாத்து அனுப்பு. ரூம்ல எல்லாரும் பாக்கட்டும்." கேம்ப்புக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்களெல்லாம் கம்பெனியின் தபால் பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஆபீசுக்குப் போய், பிறகுதான் கேம்ப் வந்து சேரும். அதனால் பெயருக்குக் கீழே தன் லேபர் நம்பரை மறக்காமல் எழுதச் சொன்னார்.

முதல் வருடப் பரீட்சை முடிந்ததும் வகுப்பு நண்பர்கள் இருவரோடு ரயில் ஏறினேன். ஒன்றரை மாதம், ஒரே பயணச் சீட்டு, பதினோரு ஊர். நான் பார்த்தவற்றில் சத்தியமாக மனதில் நின்றவை சின்ன விஷயங்கள்தான். ராத்திரி ஒன்பதரைக்கும் வெயில் அடித்தது. அந்த வெயிலுக்காக மனிதர்கள் பூங்காக்களில் துணியை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். அதே ஜூலை மாதத்தில் அதே சூரியனுக்குக் கீழே சித்தப்பா தலையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு முப்பதாவது மாடியில் நிற்பார் என்பது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. எந்தப் பெரிய தேவாலயத்துக்குப் போனாலும் ஒரு பக்கம் சாரம் கட்டி மூடியிருந்தார்கள். நண்பர்கள் படம் கெட்டுவிட்டதென்று அலுத்துக்கொள்வார்கள். நான் மட்டும் கிட்டே போய், குழாயை எப்படிப் பூட்டியிருக்கிறார்கள், மிதிபலகை எத்தனை என்று சித்தப்பாவுக்காகப் பார்த்து வைத்துக்கொண்டேன். எண்ணூறு வருடம் பழைய சுவர் என்று வழிகாட்டி சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். ஏதோ நானும் ஒரு கல் எடுத்துக் கொடுத்த மாதிரி.

மற்றபடி நான் மிதந்துகொண்டிருந்தேன். ஊருக்குப் பேச வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஃபோன் கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது. வியன்னா போய்ப் பேசலாம், வெனிஸ் போய்ப் பேசலாம் என்று தள்ளித் தள்ளி ஒரு மாதம் ஓடிவிட்டது. சித்தப்பாவுக்கும் ஓர் அட்டைகூடப் போடவில்லை. வாங்கிய அட்டைகளெல்லாம் பையில் அப்படியே கிடந்தன. பிராக் ரயில் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் ஒரே மூச்சில் எழுதினேன். கடிதம் என்றால் தமிழனுக்குக் கை தானாகவே எழுதுமே, அந்த வரிகள்: இங்கு நான் நலம், ஊரில் எல்லோரும் நலம். ஏழெட்டு அட்டையில் இதையே எழுதி எனக்கே சலித்துப்போயிற்று. கல் பாலத்து அட்டையில் கொஞ்சம் உயிர் கொடுப்போம் என்று தோன்றியது. சித்தப்பாவுக்குச் சித்தியைப் பற்றி ஒரு வார்த்தை என்றால் போதும், ரூம் முழுக்க வாசித்துக் காட்டுவார். எழுதினேன்: "போன வாரம் சித்தியிடம் பேசினேன். நன்றாக இருக்கிறார்கள். ஆடி பிறந்ததும் கிணற்றடியில் முருங்கைப் போத்து ஊன்றி, தினமும் தாங்களே தண்ணீர் இறைத்து ஊற்றுகிறார்களாம்." போன வாரம் நான் யாரிடமும் பேசவில்லை. முருங்கை என் கற்பனை. அவர் சந்தோஷப்படட்டும் என்று எழுதினேன். அது என் சோம்பலுக்குப் போட்ட பூச்சு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குக் கிளம்பினேன். அப்போதுதான் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். "வா, நேர்ல பேசிக்குவோம்" என்று அப்பா சட்டென்று வைத்துவிட்டார். குரல் என்னவோபோல் இருந்தது. லைன் சரியில்லை என்று எடுத்துக்கொண்டேன். துபாயில் இரண்டு நாள் தங்கிப் போக விசா வாங்கியிருந்தேன், சித்தப்பாவிடம் என் ஐரோப்பாவைக் கொட்டித் தீர்ப்பதற்காக.

வெள்ளிக்கிழமை மதியம் சோனாப்பூரில் இறங்கினேன். டூட்டி இல்லாத நாள். கேம்ப் வராந்தா நெடுக ஈரத்துணிகள் தொங்கின. வாசலில் என்னை அடையாளம் கண்டு ஒருவர் எழுந்து வந்தார். கம்பெனி ஆபீசில் டைம்கீப்பர், திருநெல்வேலிக்காரர். என்னை உள்ளே விடாமல் தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு அழைத்துப் போனார். "தம்பிக்கு விவரம் தெரியாதுன்னு சொன்னாவ. உள்ள போறதுக்கு முன்னால கேட்டுக்கிடுங்க" என்று ஆரம்பித்தார்.

சித்தி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை முற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். படிக்கிற பையன், ஊர் பார்க்கப் போயிருக்கிறான், அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் எனக்கு மறைத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள், டாக்டர் கடிதத்தோடு. அவர் லீவு கேட்டு நின்றார். பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டகத்தில். அவர்கள் எடுத்துக் கொடுத்தால்தான் நகர முடியும். மேனேஜர் ஃபைலைத் திறந்தார். போன வருடத்து ஃபேக்ஸ், என் ஆங்கிலத்தில், அதிலேயே இருந்தது. அதற்கும் ஒரு டாக்டர் கடிதம். இருந்தாலும் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். மறுநாள் தபால் பெட்டியிலிருந்து வந்த கடிதக் கட்டில் அழகான பாலத்துப் படம் ஒன்று மேலே கிடந்தது. திருப்பினால் அதே லேபர் நம்பர்.

"என்னைக் கூப்பிட்டு, இது என்ன எழுதியிருக்கு, படின்னாரு. நான் தமிழ்ல வாசிச்சு இந்தியில சொன்னேன் தம்பி. ஒரு மாசமா எந்திரிக்க முடியாமக் கெடக்காங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரு. பதினஞ்சு நாளைக்கி முந்தி முருங்கை வச்சுத் தண்ணி எறைக்காங்கன்னு நீங்க எழுதியிருக்கீய. எந்த வரின்னு கேட்டாரு, காட்டினேன். பச்சைப் பேனாவால கோடு போட்டு, லீவு பேப்பரோட சேத்துப் பின் அடிச்சு, கலாஸ், லீவு கெடையாதுன்னு திருப்பித் தந்துட்டாரு." அவர் தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் மாத்திச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் தோணல தம்பி."

அட்டை வந்த எட்டாம் நாள் சித்தி போய்விட்டார். செய்தி வந்ததும் லீவு உடனே கிடைத்ததாம். அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. "இனிமே போயி யாரப் பாக்க" என்று சித்தப்பா மறுநாளே பஸ் ஏறி சைட்டுக்குப் போய்விட்டார்.

ரூமில் அவர் எனக்காகக் கோழி சமைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். அழவில்லை. நான்தான் அழுதேன், எதற்கு அழுகிறேன் என்று அவரிடம் சொல்லத் துணியாமல். அவருடைய இரும்பு அலமாரியின் கதவு உட்புறம் முழுக்க என் அட்டைகள். பாரிஸ் கோபுரம், ரோம் வட்ட அரங்கம், வெனிஸ் படகு. ஒன்று மட்டும் படம் சுவர்ப் பக்கமாக, எழுத்து வெளிப்பக்கமாக ஒட்டியிருந்தது. தினமும் சட்டை எடுக்கும்போது படிக்கிற உயரத்தில். சித்தப்பா அதன் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் கேட்டது வேறு.

"உங்கிட்டதான் கடைசியாத் தெம்பாப் பேசியிருக்கா. எங்கிட்ட ரெண்டு மாசமா, சரிங்க, சரிங்கன்னு அவ்வளவுதான். குரல் எப்புடிடா இருந்துச்சு?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் வாழ்க்கையில் வேறெந்த இடத்தையும் இவ்வளவு துல்லியமாக என்னால் சுட்டிக்காட்ட முடியாது. "நல்லாத்தான் பேசுனாங்க சித்தப்பா" என்றேன்.

"முருங்கை எந்தப் பக்கம்னு சொன்னாளா?"

"கெணத்துக்கு மேக்கால."

அவர் தலையை ஆட்டினார். பிறகு கோழி எடுத்து வைத்தார். ஐரோப்பாவில் சாரம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் பின்னாளில் சொன்னார்கள்: நீ ஃபோன் பண்ணியிருந்தாலும் எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான் சொல்லியிருப்போம், நீயும் அதைத்தான் எழுதியிருப்பே. ஆறுதலுக்குச் சொன்னார்கள். நானும் சில வருடம் அதைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் நலம் என்ற வார்த்தை வழக்கத்துக்கு எழுதுவது என்று டைம்கீப்பர்கூட எடுத்துச் சொல்லியிருப்பார். முருங்கையை யாராலும் அப்படிச் சொல்லித் தள்ளியிருக்க முடியாது. அது என் சொந்தச் சரக்கு.

சித்தப்பா அதற்குப் பிறகு நான்கு வருடம் லீவே எடுக்காமல் இருந்து, ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். நான்தான் காரில் அழைத்து வந்தேன். பெட்டியை இறக்குவதற்குள் அவர் வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நடந்து கொல்லைக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். கிணற்றுக்கு மேற்கே வெறும் மண். ஒரு காய்ந்த குச்சிகூட இல்லை. பயண அலுப்போடு, புதுச் செருப்போடு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஆடு கடிச்சிருக்கும்" என்றார்.

தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் அவர் என்னை மன்னித்தார் என்று ஆகாது; கேட்க விரும்பவில்லை என்றுதான் ஆகும். தெரியாமல் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு வருடமும் அந்த இடத்தில் யாரையும் ஒரு செடி வைக்க விடவில்லை. அப்பா அங்கே வாழை வைக்கலாம் என்று ஒருமுறை மண்வெட்டியோடு போனபோது, "அது அவ முருங்கை வச்ச எடம்ணே" என்று தடுத்துவிட்டார். கொல்லையில் மற்ற இடமெல்லாம் பச்சை, அந்த நாலு முழம் மட்டும் பெருக்கிச் சுத்தமாக, சும்மா கிடந்தது.

அவர் போன பிறகு அவருடைய துபாய்ப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். மற்ற அட்டைகள் எதுவும் அதில் இல்லை. சித்தியின் போட்டோவும் இந்தக் கல் பாலமும் மட்டும் ஒரே உறைக்குள் இருந்தன.

போன வாரம் என் மகள் இழுப்பறையில் எதையோ தேடியபோது அட்டை அவள் கையில் அகப்பட்டது. எட்டு வயது, தமிழை இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள். பாலத்தைக் கொஞ்சம் பார்த்தாள், பிறகு திருப்பி, கோடு போட்ட வரியை மட்டும் விரல் வைத்து, திக்கித் திணறி, முழுதாகப் படித்து முடித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நம்ம ஊர்க் கிணத்தடியில முருங்கை மரம் நான் பாத்ததே இல்லையே. எங்கப்பா அது?"

"ஆடு கடிச்சிருச்சும்மா" என்றேன்.