ஒத்தத் தும்மல்

“...அண்ணியச் சொல்லாதண்ணா, கொழந்தையையும் சொல்லாத. யாரையாவது சொல்லியே ஆகணும்னா என்னியச் சொல்லிக்க” என்றாள் அத்தை, என் மூக்கைத் துடைத்தபடியே.

பெரியப்பா தங்கையைச் சொல்வாரா? அவர் சந்தேகமெல்லாம் என் அம்மா மேல்தான். அத்தைக்கு வந்த இரண்டாவது வரனும் அன்று மதியம் எழுந்து போயிருந்தது. இரண்டு தடவையும் கெடுத்தது என் தும்மல். எட்டு வயதுப் பெண் வேளை பார்த்துத் தானாகத் தும்முமா, வீட்டுக்குள்ளேயே யாரோ தும்ம வைக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. பாதையோரம் முழுக்க வேலிகாத்தான் முள்மரம். மாசி, பங்குனியில் அது மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொங்கும். அந்த இரண்டு மாதமும் என் மூக்கு எனக்குச் சொந்தமில்லை. இன்றைக்குச் சென்னையில் ‘காற்றில் மகரந்தம் அதிகம்’ என்று என் போனே சொல்லிவிடுகிறது. அன்றைக்குச் சொல்ல இருந்த ஒரே ஆள் விழுப்புரத்து டாக்டர். அவரையும் நம்ப ஆளில்லை.

அத்தை அப்போது விழுப்புரத்தில் நர்ஸ் படிப்பு, கடைசி வருஷம். தினமும் பாசஞ்சரில் போய் வருவாள். ஆனியில் பரீட்சை. “பரீட்சை முடியட்டும்ண்ணா” என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். “பூக்கற காலத்துல பூத்துடணும், காய்க்கற காலத்துல காய்ச்சிடணும்” என்று பெரியப்பா சொலவடையால் வாயை அடைத்துவிட்டார்.

முதலில் வந்தவர்கள் கிளியனூர்க்காரர்கள். பெண் பிடித்திருக்கிறது என்று அவர்கள் வாயெடுத்த நேரம் நான் தும்மினேன். ஒன்றே ஒன்று. ‘ஒத்தத் தும்மல் தடுக்கும், ரெட்டைத் தும்மல் கொடுக்கும்’ என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. எல்லோரும் இரண்டாவதற்காக என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரத்தான் வந்தது. அதற்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அத்தை என் மூக்கை இறுக்கிப் பிடித்துத் துடைத்ததில், வந்தது வந்த வழியே திரும்பிவிட்டது. காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

பெரியப்பா என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார். வேலிகாத்தான் பூவின் மகரந்தம் இந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா, “மகரந்தமாம்! மரம் நேத்தா மொளச்சுது? மாப்ள வூடு வாயத் தொறக்கறப்ப பாத்துதான் காத்தடிக்குதா? இதுல யாரோ இருக்காங்க” என்றார். பிறகு என் காதருகே குனிந்தார். “பாப்பா, ஒண்ணு வந்துச்சுன்னா ஜல்தியா இன்னொண்ணு போட்டுடு. வரலைன்னாலும் சத்தமாவது குடு.”

பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

அடுத்து வந்தவர்கள் பெருமுக்கல் பக்கம். அத்தை சிங்காரித்துக்கொண்டு, கூடத்துக்குப் போகுமுன் என்னை உள்ளே கூப்பிட்டுத் தன் கர்ச்சீப்பால் மூக்கை நன்றாகத் துடைத்துவிட்டாள். அதில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. “கோயில் மஞ்சள்டி, நல்ல காரியத்துக்கு நல்லது” என்றாள். போன தடவையும் அப்படித்தான். வீட்டில் இத்தனை பேர் இருக்க, அத்தை என் மூக்கை மட்டும் கவனிக்கிறாளே என்று எனக்குப் பெருமை.

“பொண்ணு எங்களுக்கு...” என்று மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார். தும்மினேன். அத்தையின் கை வந்தது. இந்தத் தடவை நழுவி எழுந்து, பாடத்தை ஞாபகம் வைத்து, “ஹச்சு!” என்று கத்தினேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார்.

“மொதத் தும்மலு சாமி குடுத்தது. ரெண்டாவது யாரு குடுத்ததுங்க?”

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அவர்கள் தெரு திரும்பும் முன்னே பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்கம்மாதான சொல்லிக் குடுத்தா? நாத்தனாரு நல்லா இருந்துடக் கூடாதுன்னு?” பெரியப்பா பேசும் இடத்தில் அப்பா பேச மாட்டார். அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அத்தை குறுக்கே வந்து, என்னைச் சொல்லிக்க என்றாள்.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாரு, அண்ணிக்காவப் பழியத் தம் மேல போட்டுக்குது. இந்த மனசுக்கு ஒரு கொறையும் வராது. வுடு, படிப்ப முடிக்கட்டும். ஆவணியில பாத்துக்கலாம்.”

அத்தை கொல்லைப் பக்கம் போய்க் கர்ச்சீப்பை வாளியில் போட்டாள். நான் பின்னாலேயே போனேன். மஞ்சள் கறை லேசில் போகாதே, என் பாவாடையில் பட்டதை அம்மா மூன்று நாள் தேய்த்தாளே என்றேன். அவள் ஒரே முக்கு முக்கி எடுத்தாள். கர்ச்சீப் வெள்ளை வெளேரென்று வந்தது. சாமி மஞ்சள் அப்படித்தான் போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அத்தை அந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், முள் குத்தாமல் ஒதுங்கி நின்று, வேலிகாத்தான் மரத்தின் வேரில் ஊற்றினாள்.