மகளின் கோபத்துக்காக நான் செய்த இரண்டு ஜெபங்கள்

சென்ற ஆண்டு நம் சபையில் எழுந்து நின்று, என் மகளின் கோபத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சி தவறானது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்லாமல் இருப்பது மனதை உறுத்துகிறது.

என் பெயர் ஸ்டெல்லா. கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். டோபி கடையில் துணி தேய்க்கிறேன். கணவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள் ஜோகூர்ப் பக்கம் போய்விடுவார். மகள் ஜெனிட்டாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மகன் ஆரோனுக்கு எட்டு.

தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஜெனிட்டா மாறிப்போனாள். எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். கதவை அறைந்து சாத்துவாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். கோபப்படாதே, கோபப்படாதே என்று நானும் நாளுக்குப் பத்துமுறை சொல்வேன். சில நாள் பிரம்பையும் எடுத்ததுண்டு.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். பள்ளிக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து அவள் வரைந்த படத்தின் மேல் ஆரோன் மார்க்கர் பேனாவால் ஒரு கார் வரைந்துவிட்டான். பார்த்ததும் ஜெனிட்டா கையில் இருந்த ஜியோமெட்ரி டப்பாவை வீசினாள். அதன் முனை அவன் இடது கண்ணில் பட்டது.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பிள்ளை அசையாமல் படுத்திருக்க வேண்டும், பார்வையைப் பற்றிச் சில நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். நான் வெளியே வந்தேன். நடைவழியில் ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ என் பிள்ளையே இல்ல. என் கண்ணு முன்னாடி நிக்காத," என்றேன்.

அவள் அழவில்லை. லிப்ட் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஐந்து நாள் ஜெபித்தோம். நீங்களும் மணிக்கணக்கு வைத்து மாறிமாறி ஜெபித்தீர்கள். ஆறாம் நாள் டாக்டர் ஆரோனின் வலது கண்ணை மூடிவிட்டு, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "மூணு," என்றான். கொஞ்சம் உற்றுப் பார்த்து, "டாக்டர் மோதிரம் போட்டிருக்காரு," என்றான். நான் கட்டில் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன்.

அதன்பிறகு ஜெனிட்டா சாதுவாகிவிட்டாள். கதவுச் சத்தம் இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. ஜெபக்குழு சகோதரி ஒருவர் வீட்டுக்கு வந்து, கோபத்தின் ஆவி விலக வேண்டும் என்று அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவள் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம் இப்படியே போனது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நம்பினேன். அப்போதுதான் அந்தச் சாட்சியைச் சொன்னேன்.

அடுத்த வாரமே ஒரு நாள் சாப்பிடும்போது, எலுமிச்சை ஊறுகாய் பட்டதும் அவள் கையை வெடுக்கென்று உதறினாள். கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு காயங்கள். ஆறிய தழும்பின் மேல் புதிய புண்.

"கோவம் வந்தா கைய இறுக்கி மூடிக்குவேன். அப்பதான் எதையும் எறிய மாட்டேன்," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "கோவப்படாத, கோவப்படாதன்னு எல்லாரும் சொல்றீங்க. வந்துட்டா என்ன செய்யணும்னு யாருமே சொல்லித் தரலம்மா."

எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதேன். அதுவரை, இவள் கோபத்தை எடுத்துவிடும் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று வேறு விதமாகக் கேட்டேன். ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை, தெரிந்த ஒருவரைக் காட்டும் என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி ஆலோசக ஆசிரியை அழைத்தார். புவான் நோரா என்ற மலாய்க்கார அம்மா. முன்பும் இரண்டு முறை அழைத்திருக்கிறார்; புகார் சொல்லத்தான் என்று நான் எடுக்கவில்லை. புத்தகம் கொடுக்கும்போது ஜெனிட்டாவின் கையைப் பார்த்தாராம். அந்த அழைப்பு தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பயந்துகொண்டே போனேன். எனக்குப் புரியட்டும் என்று மலாயில் மெதுவாகப் பேசினார். கோபம் வருவது குற்றமில்லை, எறிவதுதான் குற்றம் என்றார். கோபம் முதலில் உடம்பில் எங்கே தெரியும் என்று ஜெனிட்டாவைக் கேட்டார். அவள் யோசித்து, காது சுடும் என்றாள். அப்படிச் சுட்டால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும். யாரும் மறிக்கக்கூடாது, பின்னாலிருந்து கத்தக்கூடாது. ஆனால் அரை மணிக்குள் திரும்பி வந்து, எது வலித்தது என்று சொல்லவேண்டும். திரும்பி வருவதுதான் முக்கியம் என்றார்.

பிறகு, எனக்குக் கோபம் எங்கே தெரியும் என்றும் கேட்டார். எனக்கு அப்படியொன்றும் கோபம் வராது என்றேன். ஜெனிட்டா தமிழில் சொன்னாள்: "பொய் சொல்லாதீங்க லா, ம்மா. உங்களுக்குக் கோவம் வந்தா கிச்சன்ல சட்டிதான் முதல்ல பேசும்." பல மாதம் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

வாரம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போனாள். பள்ளியில் அவள் மலாய் பேசுவதைச் சிலர் கேலி செய்ததும், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து ஆரோன் அவள் ஓவிய ஏட்டின் மேல், குடித்துக்கொண்டிருந்த மைலோவைக் கொட்டிவிட்டான். அவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "காது சுடுது. நான் கீழ போறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னால் போகத் துடித்தேன். கர்த்தர்தான் என்னை வாசலில் நிறுத்தினார். அக்கா வந்து அடிப்பாளா என்று ஆரோன் கேட்டான். மாட்டாள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, இருபது நிமிடத்தில் நான்கு மாடி ஏறி வந்தாள். தம்பி எதிரில் நின்றாள்.

"எனக்கு இன்னும் கோவமாதான் இருக்கு. ஆனா உன்ன அடிக்க மாட்டேன். என் மேசையில இனிமே எதையும் வைக்காத."

அவன் ஓடிப்போய்த் துணி எடுத்து வந்தான்.

அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்காகக் கர்த்தரிடம் எத்தனையோ முறை மன்றாடியிருக்கிறேன். அவளிடம் கேட்டதே இல்லை. "அத தினமும் நெனப்பேன்மா," என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள்.

இப்போது அவளுக்குப் பதினான்கு. போன மாதம்கூட ஒருமுறை கதவை அறைந்து சாத்தினாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்து பேசினாள். நானும் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே போய் நடந்த நாட்கள் உண்டு.

இதை எழுதலாமா என்று ஜெனிட்டாவிடம் கேட்டேன். வாசித்துவிட்டு, தன்னைப்போல வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், எழுதுங்கள் என்றாள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கர்த்தரிடம் நம்பிக்கையோடு கேளுங்கள். எங்களுக்கு உதவியவர் நம் சபைக்காரர் இல்லை, நம் மொழிக்காரரும் இல்லை. ஆனாலும் அவரை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். கோபமே வராத பிள்ளையை நான் இப்போது கேட்பதில்லை. கோபம் வந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வரத் தெரிந்த பிள்ளையைக் கர்த்தர் எனக்குத் தந்திருக்கிறார். அதற்கே என் நன்றி.