கறிச்சோறு போட்ட காமிக்ஸ் கண்காட்சி

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பிப்பேன். பாதிக்கு மேல் சிரிக்க முடியாது.

நான் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். 'டோக்கன் இருக்கா, பேரு என்ன, யாரு கூட வந்தீங்க' என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கு வந்த நாத்தனாரையே 'பேரு என்ன' என்று கேட்டுவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒரு கிறுக்கும் உண்டு. பழைய தமிழ் காமிக்ஸ் புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். நாற்பது வயசில் என்ன காமிக்ஸ் என்று கேட்பவர்களிடம் சண்டை போட்டுச் சண்டை போட்டு, இப்போது அவர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மதுரையைச் சுற்றி என்னைப் போல இருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காமிக்ஸ், தீப்பெட்டிப் படம், தகர பொம்மை, பழைய சோடா பாட்டில் என்று ஆளுக்கொரு பைத்தியம். "எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் கண்காட்சி போட்டா என்ன?" என்று வாயை விட்டது நான்தான். நம் ஊரில்தான் தெரியுமே, யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையும் விழும். விழுந்தது.

வாடகை கட்டுப்படியானது இந்த மண்டபம் ஒன்றுதான். மேலே பெரிய ஹாலில் அன்றைக்கு ஒரு காதுகுத்து. கீழே வாசலை ஒட்டிய சின்ன ஹால் எங்களுக்கு. எங்கள் ஹாலைத் தாண்டித்தான் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். "அவுக பாட்டுக்கு அவுக, நீங்க பாட்டுக்கு நீங்க, ஒரு தொந்தரவும் வராது" என்றார் மண்டபத்து மேனேஜர். நானும் நம்பினேன்.

காலையில் ஸ்டூலில் ஏறி வாசலில் பேனர் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் அவிழ்ந்து விழுந்தது. புது வேட்டி சட்டையில் ஒரு இளைஞர் ஓடி வந்து மறுமுனையைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார். முப்பது வயசுகூட இருக்காது. மேலே காது குத்தப்போகும் குழந்தைக்குத் தாய்மாமனாம். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என்ன தம்பி இவ்வளவு பதற்றம் என்று சும்மாதான் கேட்டேன்.

"அப்பா அம்மா இல்லக்கா. தங்கச்சிக்கு நான் ஒருத்தன்தான். கல்யாணத்துல செய்ய வேண்டியத முழுசா செய்ய முடியல. அத இன்ன வரைக்கும் அவுக வீட்டுல சொல்லிக் காட்டுறாக. இன்னைக்கு ஒரு குறையும் வந்துறக் கூடாது. வந்தா நான் பாட்டுக்கு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன். பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கப் போறது அவதான்."

அப்படிச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு மறந்தும் போனேன், எனக்கு என் வேலை.

பத்து மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. நுழைவுச் சீட்டு அச்சடிக்கச் சோம்பல்பட்டு, வந்தவர்கள் புறங்கையில் முகமூடிப் படம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றைக் குத்தி உள்ளே விட்டோம். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் பட்டுச் சேலையில் இருந்தார்கள். தலை நிறையப் பூ, கையில் தட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதுரையில் பெண்கள் காமிக்ஸ் பார்க்கப் பட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார்களே என்று வீட்டுக்காரரிடம் பெருமை பேசினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் குழப்பம் கூடியது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் தகர ரயிலுக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் ஆப்பிள், வெற்றிலை பாக்கு, கண்ணாடி வளையல். இது யாருடைய சேகரிப்பு என்று ஸ்டால் ஸ்டாலாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வருவதற்குள் தட்டு மூன்றாகியிருந்தது. காமிக்ஸ் அடுக்குக்கு யாரோ சந்தனம் வேறு தொட்டு வைத்திருந்தார்கள். ஐயோ, அட்டையில் ஈரம் பட்டால் அந்தப் புத்தகம் போச்சு! பதறிப்போய்த் துடைத்தேன்.

ஒரு பெரியம்மா என் அருகில் வந்து, ரயிலைக் காட்டி ஏதோ கேட்டார். மாடியில் மைக்செட் காதைப் பிளந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக்கில் செய்வது போலத் தலையை ஆட்டி வைத்தேன். அவர் ரயிலைத் தூக்கிப் பார்த்து, "எல்லாம் பழசா இருக்கே" என்று கத்தினார். நானும் கத்தினேன், "பழசாத்தான் தேடித் தேடி வச்சிருக்கோம், அதானே மதிப்பு!" அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். பழைய பொருளின் அருமை தெரியாத ஜென்மம் என்று நானும் முணுமுணுத்தேன்.

மத்தியானம் ஒரு மணி வாக்கில் எங்கள் ஹால் திடீரென்று காலியாகிவிட்டது. பார்க்க வந்தவர்களும் இல்லை, ஸ்டால் போட்டவர்களும் இல்லை. மேஜைகளும், நானும், என் வீட்டுக்காரரும்தான். கண்காட்சி ஊற்றிக்கொண்டது, எல்லோரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள் என்றே முடிவு செய்தேன். ஸ்டால்காரர்களுக்காக ஒரு மெஸ்ஸில் தக்காளி சாதப் பொட்டலம் நிறையச் சொல்லியிருந்தேன். அதுவும் வந்து சேரவில்லை. போன் அடித்தால் "கிளம்பிட்டோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தகர பொம்மைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டே வந்தார். "அசத்திட்டீங்கம்மா! நான் ஏதோ புளியோதரைதான் போடுவீங்கன்னு நினைச்சேன். ஆட்டுக்கறி, குடல் குழம்புன்னு எம்புட்டு வகை!"

சாப்பாடு வரத் தாமதமானதற்கு நக்கல் அடிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னண்ணே, கிண்டலா? வந்துக்கிட்டு இருக்கு, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்று வெடித்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். பின்னாலேயே திருநகரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு குடும்பம். அந்த அப்பா ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டே, "கண்காட்சின்னா இப்படில்ல நடத்தணும்" என்று என்னைக் கும்பிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'மதியச் சாப்பாடு நம்ம ஏற்பாடு' என்று குழுவில் நான்தான் போட்டிருந்தேன். அது ஊர் பூராவும் போயிருக்கிறது. நடையில் காதுகுத்து வீட்டார் இரண்டு பேர் கை கூப்பி நின்று, தாண்டிப் போகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க, பந்தி உட்காருது, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்து விசேஷத்தில் வந்தவரைப் பார்த்து 'நீங்க யாரு' என்று எவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவமரியாதை. குழந்தையின் அப்பா வீட்டார் எங்கள் ஆட்களைத் தாய்மாமன் வீட்டுச் சனம் என்று நினைத்திருக்கிறார்கள். மாமன் வீட்டார் அப்பா வீட்டுச் சனம் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு உபசரித்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். கடைசிப் பந்தி. விருந்து போட்ட அப்பா வீட்டார் எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டு அப்போதுதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த சனம். சமையல்காரர் வெறும் கரண்டியோடு நின்றார். சோறும் கொஞ்சம்தான், கறி சுத்தமாக இல்லை. குழந்தையின் தாத்தா, பெரிய மீசைக்காரர், இலை முன்னால் உட்கார்ந்தபடியே கூடம் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பேருதான் வருவோம்னு சொல்லிட்டு, ஊரையே கூட்டியாந்துட்டானே! செய்யிற இடத்துல குறைச்சலு, திங்கிற இடத்துல மட்டும் கூட்டமா?"

"சீருன்னு முன் ஹால்ல வச்சிருக்கான் பாருங்க, துருப்பிடிச்ச தகர ரயிலும் கிழிஞ்ச புத்தகமும்! கேட்டா, பழசுதான் மதிப்பாம்!" இது என்னிடம் கத்திவிட்டுப் போன அந்தப் பெரியம்மா.

அவர்களுக்கு எதிரே காலையில் எனக்குப் பேனர் கட்டிக் கொடுத்த அந்தத் தம்பி தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "மன்னிச்சுக்கங்க மாமா, ஏதோ ஆளு கூடிப்போச்சு" என்றார். தூணுக்குப் பக்கத்தில் அவருடைய தங்கச்சி, காது சிவந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பே கூசிப்போனது.

வரிசை ஓரத்தில் எங்கள் ஆள் ஒருவர், புறங்கையில் முகமூடி ஸ்டாம்ப்போடு, முந்தின பந்தியின் எலும்பை இன்னும் விடாமல் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பிடித்து உயர்த்தினேன். "ஐயா, இவுக யாரும் மாமன் வீட்டு ஆளுங்க இல்ல. எங்க ஆளுங்க. முன் ஹால்ல நாங்க காமிக்ஸ் கண்காட்சி போட்டிருக்கோம். சாப்பாடு எங்க ஏற்பாடுன்னு நினைச்சு வந்து சாப்பிட்டுட்டாங்க. அந்த ரயிலு, புத்தகம் எல்லாமே எங்களோடது. அது சீரு இல்ல!"

மீசைக்காரர் என்னையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காமிக்ஸ்னா?"

"படக்கதைப் புத்தகம்ங்கய்யா."

"படக்கதை பாக்க வந்தவுகளா எங்க கிடாயைத் தின்னது?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் ஆள் எலும்பை மெதுவாக இலையில் வைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோபமும்தான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்தத் தம்பி மேலேயே காட்டினேன். "காலையில நீங்கதானே பேனர் கட்டிக் குடுத்தீங்க? எங்க ஆளுங்களா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"முதப் பந்தியிலேயே தெரியும்க்கா" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை.

"சோறு வைக்கையில ஒரு பாப்பா கேட்டுச்சு, 'மாமா, சாப்பிட்டுட்டு மறுபடி பொம்மை பாக்கப் போலாமா'ன்னு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

தங்கச்சி பாய்ந்து வந்தது. "தெரிஞ்சே ஏன்ணே இம்புட்டு நேரம் பேச்சு வாங்கிக்கிட்டு நின்ன? ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே!"

"இலையில உட்கார்ந்து சோத்துல கைய வச்சுட்டாகத்தா. பிள்ளகுட்டியோட. அவுகள நீங்க யாருன்னு கேட்டு எந்திரிக்கச் சொல்றதா? என்னைய நாலு வார்த்தை பேசுனா நான் தாங்கிக்குவேன். உனக்குத்தான் பேச்சு வருமேன்னு நினைச்சேன். நினைச்சாலும் வாய் வரல."

மீசைக்காரர் தன் இலையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தானே ஒரு இலையை விரித்தார்.

"காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கியே, நீ சாப்பிட்டியா மாப்ள?"

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. யாரும் அதுவரை கேட்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மெஸ்காரர் தக்காளி சாதப் பொட்டலங்களோடு வந்து நின்றார், புண்ணியவான். நானும் எங்கள் குழு ஆட்களும் ஓடி ஓடிப் பிரித்து இலையில் வைத்தோம். சட்டியில் மிஞ்சிய குழம்பை மேலே ஊற்றினோம். தகர பொம்மைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். "தக்காளி சோத்துல காதுகுத்து நடத்துன வம்சம் எங்க வம்சம்தான்" என்று மீசைக்காரர் கடைசி வாய் வரை சலித்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் பக்கத்தில் அந்தத் தம்பி குனிந்த தலை நிமிராமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணன் இலையை விட்டு நகராமல் நின்றது. அந்த முகத்தில் இருந்த பெருமையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். நான் அந்த நேரத்துக்கு அங்கே போயிருக்காவிட்டால் அந்தப் பழி அந்தப் பெண்ணின் தலையில் காலத்துக்கும் நின்றிருக்கும். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "நீயா இருந்தா முதப் பந்தியிலேயே டோக்கன் கேட்டிருப்ப" என்கிறார். கேட்டிருப்பேன். பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்தவர்களை எழுப்பிவிட்டு, சரியாகத்தான் செய்தேன் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியும் இருப்பேன். இப்போதெல்லாம் யாராவது என்மேல் இல்லாத பழியைப் போடும்போது, அதை உதறுவதற்கு முன்னால், நான் உதறினால் யார் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்று ஒரு நொடி யோசிக்கிறேன். பெரும்பாலும் யோசித்துவிட்டுச் சண்டைதான் போடுகிறேன், ஆனால் அந்த ஒரு நொடி முன்பு என்னிடம் இருந்ததில்லை.