பலா மரத்தடிப் படகு

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு படகோடு வந்தார். மற்ற பிள்ளைகளின் சித்தப்பாக்கள் தூத்துக்குடியிலிருந்து வந்தால் மக்ரூன் பொட்டலம் கொண்டுவருவார்கள். என் சித்தப்பா இருபத்திரண்டு அடி நீளமுள்ள ஒரு பழைய மரப் படகை, அதன் பாய்மரத்தைத் தனியே கழற்றிக் கயிற்றால் கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கினார். நெய்வேலியில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் யோசித்துத்தான் கை காட்டுவார்கள். அன்று மாலைக்குள் பிளாக் முழுவதும் வந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

புதுச்சேரியில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன படகு அது. கடலூர் துறைமுகக் கரையில் மூன்று வருஷம் வெயிலில் கிடந்ததைச் சித்தப்பா வாங்கியிருந்தார். அவர் தூத்துக்குடித் தோணிகளில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். சொந்தப் படகோடு வந்தால் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலை தருவதாகக் கொச்சியில் ஒருவர் சொல்லியிருந்தாராம். கட்டைப் பிரம்மச்சாரிக்கு வீடா வாசலா, படகு ஒன்றுதான் குறை என்று அம்மா சொன்னாள்.

அப்பா சுரங்கத்தில் டீசல் மெக்கானிக். பதினெட்டு வயதில் ஊரை விட்டு வந்தவர், அதற்குப் பிறகு தம்பியைக் கல்யாண வீட்டிலும் துஷ்டி வீட்டிலும்தான் பார்த்தார். இரண்டு பேருக்கும் பேசவே தெரியாது. மாதம் ஒரு தடவை போன் வரும். “சாப்ட்டியால?” “சாப்ட்டேண்ணே.” “சரி.” இவ்வளவுதான். அப்படிப்பட்ட அப்பா படகு விஷயத்தைக் கேட்டதும், “இங்க கொண்டாந்து போடுல. எங்கிட்ட இல்லாத ஸ்பேனரா?” என்று ஒரே மூச்சில் சொன்னது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

கொல்லையில் இருந்த பலா மரத்தடியில் மரக்கட்டைகளையும் பழைய டயர்களையும் அடுக்கி, அதன்மேல் படகை உட்காரவைத்தார்கள். டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, இது அனுமதியில்லாத கட்டடமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தத் தாளிலும் படகுக்கு இடமில்லாததால் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுவேன் என்று சித்திரையில் வந்த சித்தப்பா சொன்னார். ஆனால் படகு அப்படியா இருந்தது! பலகைகள் காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியாக உள்ளேயிருந்து பலா மரம் தெரிந்தது. அந்த இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து அடைக்க வேண்டும். அதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஒரு மாதம் டொக்கு டொக்கென்று அடித்தார்கள். பிறகு காடாம்புலியூரிலிருந்து முந்திரிக்கொட்டை ஓட்டில் எடுக்கும் எண்ணெய் வாங்கிவந்து அடிப்பலகை முழுக்கப் பூசினார்கள். அந்த எண்ணெய் பட்டு அப்பாவின் புறங்கை கொப்புளித்துவிட்டது. “தொடாதேன்னு சொன்னேம்லா” என்று சித்தப்பா அண்ணனை அதட்டினார். அப்பாவை ஒருவர் அதட்டி நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அப்பா கையை நீட்ட, சித்தப்பா தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

படகின் அடியில், எஞ்சினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வு ஒன்று பச்சை பூத்து இறுகிக் கிடந்தது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் பட்டைகளில் பாதி போல்ட் இற்றுப்போயிருந்தது. ஒவ்வொன்றையும் கழற்றி, சைக்கிளில் வடலூர் லேத்துக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கடைந்துவந்தார்கள். போகும்போது அப்பா மிதிக்க, வரும்போது சித்தப்பா மிதிப்பார். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரே சைக்கிளில் சிரித்துக்கொண்டு வருவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்று நாங்கள் கண்டுகொண்டதே அந்த வருஷம்தான்.

கடைசியாக எஞ்சினுக்கு வந்தார்கள். இரண்டு சிலிண்டர், கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் பழைய டீசல் எஞ்சின். ஆடி மாதம் முழுக்க அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி பூட்டினார்கள். சனிக்கிழமை சாயந்தரம் அப்பா ஃபில்டர் தலையில் இருந்த ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலை விரலால் அமுக்கி அமுக்கிக் காட்டினார். நுரை நுரையாக டீசல் வந்தது. நுரை நின்றதும் ஸ்க்ரூவை இறுக்கினார்.

“இதான் ஏர் எடுக்கறது. ஒரு பொட்டுக் காத்து உள்ள இருந்தாலும் இவன் எந்திரிக்க மாட்டான் பாத்துக்கோ” என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எஞ்சினைக் கிளப்புவதாகப் பேச்சு. வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சித்தப்பா கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் இரண்டு தடவை இருமியது, அடங்கிவிட்டது. மறுபடி சுற்றினார். இருமல்கூட வரவில்லை.

“இன்ஜெக்டராத்தான் இருக்கும்ணே.”

“இருக்கும்ல. கழட்டிப் பாத்திருவோம்.”

அந்த வாரம் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். சனிக்கிழமை ஏர் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் இருமிவிட்டுப் படுத்துவிட்டது. அடுத்த வாரம் வால்வு. அதற்கடுத்த வாரம் பம்ப். ஐந்து ஞாயிறு இப்படியே போயிற்று. எதிர் வீட்டில் டைம் ஆபீஸில் வேலை பார்க்கும் மாமா ஒருவர், கம்மாபுரத்துக்காரர், வாராவாரம் நாற்காலியோடு வந்துவிடுவார்.

“இன்னா சார், மைன்ஸுல அம்மாம் பெரிய வண்டிங்களயெல்லாம் ஓட்டிகினு இருக்கீங்க, இந்தத் துளியூண்டு எஞ்சினு ஒங்க பேச்சக் கேக்க மாட்டேங்குதே?”

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்த மாமாவின் பையன் என் வகுப்பு. திங்கட்கிழமைதோறும் அவன் கைப்பிடி சுற்றுவதுபோல் நடித்து, இருமிக் காட்டுவான். என் அப்பாவுக்கு டீசல் எஞ்சின் தெரியாது என்று ஒருவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது?

போதாக்குறைக்கு, கொச்சியிலிருந்து போன் வந்தது. அந்த ஆள் கத்திப் பேசியதால் எனக்கே கேட்டது. புரட்டாசிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வானாம். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கடலில் படகை இறக்கவும் முடியாது. சித்தப்பா போனை வைத்துவிட்டு வந்து, அந்த வேலை இல்லை என்றால் தனக்கு வேறு பிழைப்பு இல்லை என்று அம்மாவிடம் சொன்னார். பாவம் சித்தப்பா! அவர் வேலை, அப்பாவின் மானம், எனக்குத் தருவதாகச் சொன்ன கடல் சவாரி, மூன்றும் அந்தப் பாழாய்ப்போன எஞ்சினில் மாட்டிக்கொண்டிருந்தன. நான் சாமியிடம்கூட வேண்டிக்கொண்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில் கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அப்பா ஏணி வைத்துப் படகில் ஏறிக்கொண்டிருந்தார். எஞ்சின் அறைக்குள் குனிந்தார், நிமிர்ந்தார், இறங்கி வந்து பல் விளக்கப் போய்விட்டார். அவர் குளிக்கும்போது நான் ஏறிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஃபில்டர் தலை ஸ்க்ரூவைத் தொட்டேன். விரலாலேயே அது சுழன்றது.

அடடா, என்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பா இறுக்குவதாக நினைத்துக்கொண்டு மறுபக்கம் திருப்பிவிடுகிறார்! இரண்டு பெரிய மெக்கானிக்குகள் ஐந்து வாரமாகத் தேடிய கோளாறை நான் கண்டுபிடித்துவிட்டேன். அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர் வீட்டு மாமாவும் அவர் பையனும் இல்லாமல் சொல்லி என்ன பிரயோஜனம்? பத்து மணிவரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அது எனக்குப் பெரிய தவம்.

பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. சித்தப்பா சுற்றினார். எஞ்சின் இருமிப் படுத்தது.

“இன்னிக்கும் அவ்ளோதானா?” என்று மாமா நாற்காலியை மடக்கினார்.

“மாமா, போகாதீங்க! எஞ்சின் நல்லாத்தான் இருக்கு! அந்த ஸ்க்ரூ லூஸா இருக்கு. அப்பாதான் காலையில ஏறித் திருப்பினாரு, நான் பாத்தேன். ஏர் புடிச்சிருக்கு, அவ்வளவுதான்!” என்று கத்தினேன்.

நான் கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். சித்தப்பா குனிந்து ஸ்க்ரூவைத் தொட்டார்.

“ஆமா. லூஸாத்தான் இருக்கு” என்றார். “நான் கவனிக்காம விட்டுட்டேண்ணே.”

“நானும் கவனிக்கலைல” என்றார் அப்பா.

சித்தப்பா நெம்புகோலை அமுக்கி நுரையெல்லாம் போக்கி, ஸ்க்ரூவை இறுக்கினார். மூன்று சுற்றுத்தான். எஞ்சின் டுப் டுப்பென்று கிளம்பி, புகை கக்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. மாமா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எஞ்சினைப் பார்க்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

அப்பா, “ஓடுதுல்ல, சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே பாராட்டு வாங்கப் போன என்னை அம்மா அடுப்படியில் நிறுத்தினாள். “உன்னை வாயில்லாமப் பெத்திருக்கலாம்டி” என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஏனோ என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் லாரி வந்தது. கடலூரில் படகைத் தண்ணீரில் இறக்கியதும் பலகை இடுக்குகளில் கசிவு. காய்ந்த மரம் ஊறி இறுகும்வரை இரண்டு நாள் அப்படித்தான் இருக்குமாம். சுரங்கத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத அப்பா அதற்காக மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, படகிலேயே உட்கார்ந்து கைபம்பால் தண்ணீரை இறைத்தார். மூன்றாம் நாள் பம்பில் தண்ணீர் வரவில்லை. அப்பா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இறைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொன்னபடி துறைமுகத்துக்குள் ஒரு சுற்றுச் சவாரி கிடைத்தது. பிறகு சித்தப்பா போய்விட்டார். மறுபடியும் மாதம் ஒரு போன், “சாப்ட்டியால?” “சாப்ட்டேண்ணே.”

வளர்ந்த பிறகு எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. அப்பா தவறுதலாகத் திருப்பவில்லை, தம்பியைப் போகவிட மனமில்லாமல் திருப்பினார் என்று கல்லூரிக் காலத்தில் ஒருநாள் திடீரென்று உறைத்தது. உறைத்த அன்று ஹாஸ்டலில் அழுதேன். இங்கேயே இரு என்று சொல்ல வாய் வராத மனிதர், வேறு என்ன செய்வார்?

போன பொங்கலுக்குச் சித்தப்பா வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பா ஓய்வு பெற்று வடலூரில் வீடு கட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஈஸி சேரில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அன்னைக்கு நான் சும்மா இருந்திருந்தா நீங்க இங்கேயே இருந்திருப்பீங்க சித்தப்பா. அப்பா பண்ணினது உங்களுக்குத் தெரியாம, நான் போட்டு உடைச்சு...” என்று இழுத்தேன்.

சித்தப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தோணியில பன்னெண்டு வருசம் டிரைவரா இருந்தவனுக்கு ஏர் லாக் தெரியாதாம்மா? மொத வாரமே தெரியும். மூணாவது வாரம் அண்ணன் டபுள் டூட்டி, வீட்டுக்கே வரலை. அன்னைக்கு நாந்தான் ஏறி லூஸ் பண்ணிவிட்டேன். அண்ணனுக்குத் தெரியாது, சொல்லிராத.”

“தெரியும்ல” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். “நான் அரைச் சுத்துதான் திருப்புவேன். நீ மூணு சுத்து கழட்டி வச்சிருந்த. கீழ பூரா டீசலு. அதுக்கப்புறம் நான் எங்க ஏறினேன்? நீ பாத்துக்கிடுவேன்னு விட்டுட்டேன். கடைசி வாரம்தான், நீ தூங்கிட்டியேன்னு...”

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எந்த வாரம் யாரு ஏறினதுன்னு நான் சொல்லட்டுமா? குவார்ட்டர்ஸ் அடுப்படி ஜன்னல் பலா மரத்துப் பக்கம்தானே” என்றாள் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மா.

அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். அதில் அந்த ஸ்க்ரூ சமாச்சாரம் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். அதனால்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன்.