படிப்பவர் யார்?

ஒரு கையேடு எழுத உட்காருவதற்கு முன்னால் நான் ஒரு தாளை நிரப்புவேன். நான்கே கேள்விகள். படிப்பவர் யார்? எங்கே நின்றுகொண்டு படிப்பார்? அப்போது அவர் கையில் என்ன இருக்கும்? எது தவறிப்போகலாம்? இந்த நான்குக்கும் பதில் கிடைக்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை மாற்றித் தொழிற்சாலை, இயந்திரங்களுக்கும் வேலைமுறைகளுக்கும் கையேடு எழுதியே இத்தனை வருடம் பிழைப்பு ஓடிவிட்டது. பழைய தாள்களையெல்லாம் ஜார்ஜ்டவுன் வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை. அதில் முதல் கேள்விக்கு நேரே, என் கையெழுத்தில், ‘புதிய ஊழியர்கள்’ என்று இருக்கிறது.

அது லைன் லீடர் அக்காவின் வேலையைப் பற்றி எழுதுவதற்காக நிரப்பிய தாள். மூன்றாவது மாடியில், சின்னச் சின்ன மின்கருவிகளை ஈரம் புகாதபடி பசை ஊற்றி மூடும் வரிசை ஒன்று இருந்தது. அதற்கு அவர்தான் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலையில் ஃபெரி பிடித்து, இக்கரையில் தொழிற்சாலை பஸ் ஏறி, எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பார். இரண்டு திரவங்களை அளந்து ஒரு கப்பில் கலந்தால் பசை தயார். கலந்த நிமிடத்திலிருந்தே அது இறுகத் தொடங்கிவிடும். மற்றவர்கள் கலந்தால் குமிழி விழும், பொருள் வீணாகும். அக்கா கலந்தால் விழாது. அது எப்படி என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்டதுமில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த வரிசை முழுவதும் வேறொரு நாட்டிலுள்ள தொழிற்சாலைக்குப் போகப்போகிறது, அங்கே இருப்பவர்கள் பார்த்துச் செய்வதற்கு ஒரு கையேடு வேண்டும், அறிவிப்பு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார். முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன். என் மூத்த மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் என் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஏதாவது சொன்னால் அது புளுகு.

மூன்று நாள் அக்காவின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். “என்ன தம்பி, வேலை பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? வச்ச கண்ணு வாங்காம பாக்குறீங்க” என்று முதல் நாளே வரிசை முழுவதையும் சிரிக்க வைத்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு ஸ்டூலை இழுத்து வந்து போட்டார். கப்பை எப்படிச் சாய்ப்பது, குச்சியை எவ்வளவு மெதுவாகச் சுற்றுவது, எப்போது நிறுத்துவது, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். “கலரைப் பாக்காதீங்க லா தம்பி. குச்சியில இருந்து எப்படி எறங்குதுன்னு பாருங்க. தேன் மாதிரி எறங்கணும்.” அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அவ்வளவு நல்ல குறிப்புகள் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

இரண்டாம் நாள் டீ குடிக்கும் நேரத்தில்தான் கேட்டார். “இவ்வளவு நுணுக்கமா எழுதுறீங்களே, இது யாருக்கு தம்பி?”

நான் வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. “புதுசா வர்றவங்களுக்குக்கா” என்றேன். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத பதில். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “ஆள் எடுக்கப் போறாங்களா? அப்பாடா. ரெண்டு பேரு வேலைய ஒருத்தியா செஞ்சு முதுகே போச்சு லா” என்றார். அன்று மாலை அதே பதிலைத் தாளிலும் எழுதிவைத்தேன், யாராவது எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று.

கையேடு அழகாக வந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. இரண்டு மாதத்தில் அறிவிப்பும் வந்தது. இயந்திரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்தார்கள். கடைசி நாள் அக்கா என் மேசைப் பக்கமாக வந்து, “வரேன் தம்பி” என்று மட்டும் சொன்னார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தேன். எழுந்து நின்றிருக்கலாம்.

அந்த வருடக் கடைசியில் அந்த நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஒரு மின்னஞ்சல். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் மிச்சமான பசையைக் கப்பிலேயே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறாள். கலந்த பசை நிறைய ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்துவிடும். புகை வந்ததும் பதறிப்போய்க் கப்பை எடுத்திருக்கிறாள். உள்ளங்கை வெந்துவிட்டது. கையேட்டில் இதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் அக்கா மிச்சப் பசையை அகலமான தகரத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவார். மூன்று நாளும் அதைப் பார்த்தேன். சுத்தம் பார்க்கிற மனுஷி, கப்பைக் காலி செய்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் நான்காவது கேள்விக்கான பதில் என் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது.

அக்கா பட்டர்வொர்த்தில் பள்ளிச் சீருடை விற்கும் கடையில் வேலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை ஃபெரி ஏறினேன். என்னைப் பார்த்ததும் வாங்க என்றார். கடைப் பையனிடம் ஸ்டூல் போடச் சொன்னார். மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜர் அறையில் நடந்தது உட்பட.

“எந்தக் கை?” என்று கேட்டார்.

“வலது கை.”

“சின்னப் பொண்ணா?”

“ஆமாக்கா.”

வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து, உள்ளே அட்டை வைத்து, காலரை நீவி மடித்தார். கேட்க எனக்குத் தகுதி இல்லைதான். ஆனாலும் கேட்டேன். “மிச்சத்தத் தட்டுல ஊத்துறது எதுக்குன்னு எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மடித்த சட்டையை மற்ற சட்டைகளின் மேல் வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“புதுசா வர்ற பிள்ளைங்களுக்குன்னுதானே சொன்னீங்க தம்பி? நாந்தான் அதுங்க பக்கத்துலயே நிப்பேனே, அப்ப சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.”